எட்டு எழுத்துப் பெட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். குறிப்பாக ஆசிரிய நண்பர்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளோடு கணினி அறையில் இருந்தேன். நாங்கள் மாதக்கணக்கில் செய்த கதை விளையாட்டை முழு வகுப்பும் முதல் தடவையாக விளையாடிப் பார்த்த நாள். வெளியே வழமையான பெரகல மூடுபனி. பகல் பத்து மணிக்கும் லைட் போட்டிருந்தோம். பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விளையாட்டின் முதல் பக்கம் "உன் பெயர் என்ன?" என்று கேட்கும். கீழே ஒரு பெட்டி. பெயரை எழுதி "உள்ளே வா" என்ற பட்டனை அழுத்தினால், அடுத்த பக்கத்தில் அப்பாயி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

ஒரு பிள்ளையின் திரையில் இப்படி இருந்தது: "வா யோகேஸ்வர, நனையாம வா."

(பிள்ளையின் உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. அதே அளவான வேறொரு பெயரைப் போட்டிருக்கிறேன்.)

"ரி எங்க பிள்ள? ர மட்டும் தானே இருக்கு" என்று கேட்டேன்.

"உள்ள போகல சேர். பரவால்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அந்தப் "பரவால்ல" இன்னும் என் காதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதற்கு முதல் இந்த விளையாட்டு என்ன என்று சொல்ல வேண்டும்.

ட்வைன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. படம், சத்தம், துப்பாக்கி எதுவும் தேவையில்லை. கதையைத் துண்டு துண்டாக எழுதி, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு வழி போட்டால் போதும். வாசிப்பவர் எதைத் தெரிவு செய்கிறாரோ அந்த வழியில் கதை போகும். முடிந்ததும் முழு விளையாட்டும் ஒரே ஒரு ஃபைலாக வரும். அதை புளூடூத்தில் அனுப்பலாம், பிரவுசரில் திறக்கலாம், டேட்டா தேவையில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருடைய லயத்தில் சிக்னல் கிடைப்பதே ஒரு மூலையில் நின்றால்தான். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை.

கதையைப் பிள்ளைகளே தெரிவு செய்தார்கள். ஒரு மழை இரவு. மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டது. லயத்தை விட்டு பாடசாலைக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரு பேத்தியும் அப்பாயியும் அவசரத்தில் தகரப்பெட்டியைத் திறந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்கிறார்கள். இந்தக் கதையை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது மிகவும் சின்னவர்கள். ஆனாலும் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் வீட்டில் முதலில் தேடுவது கடதாசிப் பையை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கதையை எழுதுவது லேசாக இருந்தது. பெட்டிகளும் பட்டன்களும்தான் எங்களைப் படுத்தியது.

பக்கத்தின் பின்னணியைப் பிள்ளைகள் கரும்பச்சையாக்கினார்கள். எழுத்து வெளிர் மஞ்சள், லாம்பு வெளிச்சம் மாதிரி. நல்ல வடிவாக இருந்தது. ஆனால் பெயர்ப்பெட்டி மட்டும் வெள்ளை வெளேர் என்று, சின்ன எழுத்தோடு, வேறு எங்கேயோ இருந்து வெட்டி ஒட்டியது போல நின்றது. பின் வாங்கில் இருந்த ஒரு மகன் சொன்னான்: "சேர், கதை வாசிக்கிற நேரம் நல்லா இருக்கு. பெட்டி வந்த உடனே ஒபிஸ்ல போம் நிரப்புற மாதிரி இருக்கு."

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பக்கத்துக்கு நாம் என்ன எழுத்துரு கொடுத்தாலும், எழுதும் பெட்டி, பட்டன், இறங்கு பட்டியல் ஆகியவை அதைத் தாங்களாக வாங்கிக்கொள்வதில்லை. பிரவுசர் அவற்றுக்குத் தனி எழுத்துரு, தனி அளவு வைத்திருக்கிறது. பக்கத்தின் சாதாரண அளவு 16 பிக்சல் என்றால் பெட்டிக்குள் பதின்மூன்று சொச்சம்தான். "ஃபொன்ட்: இன்ஹெரிட்" என்று ஒரே ஒரு வரியை சிஎஸ்எஸ்ஸில் எழுதினால், பெட்டியும் கதையின் எழுத்தையே எடுத்துக்கொள்ளும். அந்த வரியைப் போட்ட அன்று வகுப்பே கை தட்டியது. அப்பாயி பேசும் எழுத்தும் பிள்ளை பதில் எழுதும் எழுத்தும் ஒன்றாகிவிட்டது.

அடுத்த பிரச்சினை தமிழுக்கே உரியது. எங்கேயோ பார்த்துப் போட்ட ஒரு அளவில் பெட்டியின் உயரத்தை இறுக்கிவிட்டோம். ஆங்கிலம் எழுதினால் சரியாக இருக்கும். தமிழில் "கூ" எழுதினால் கீழ்ச்சுழி வெட்டுப்படும். "ரீ" எழுதினால் மேல்வளைவு காணாது. தமிழ் எழுத்து மேலேயும் போகும் கீழேயும் போகும். அதனால் உயரத்தைப் பிக்சலில் கட்டிவைக்கக் கூடாது. வரி உயரத்தைக் கூட்டி, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டுவிட்டால் பெட்டி எழுத்துக்கு ஏற்ப நிற்கும். பட்டனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற சொல் தமிழில் பட்டனை விட்டு வெளியே ஓடும். அகலத்தைக் கட்டாமல், தேவையானால் இரண்டாவது வரிக்கு இறங்க விட வேண்டும்.

பிறகு அழகுப் பைத்தியம் பிடித்தது. இரண்டு மகன்மார் பெட்டியின் கரையைக் கழற்றி, பின்னணியையும் நீக்கி, பெட்டியே தெரியாமல் செய்துவிட்டார்கள். "கதையோட கலந்து இருக்கு சேர்." பார்க்க அழகுதான். அடுத்த வகுப்புப் பிள்ளை ஒருவரைக் கூட்டிவந்து விளையாடச் சொன்னோம். அந்தப் பிள்ளை "உன் பெயர் என்ன?" என்பதை வாசித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து வாயால் பதில் சொன்னது. எழுத இடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் கீழே மட்டும் ஒரு கோடு போட்டோம், கொப்பியில் பெயர் எழுத விட்டிருக்கும் கோடு போல. அது எல்லோருக்கும் விளங்கியது.

அதே மகன்மார் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். பெட்டியைத் தொட்டால் சுற்றி வரும் நீல வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று "அவுட்லைன்: நன்" எழுதி அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் கணினி அறையில் பாதி மவுஸ் வேலை செய்யாது. அந்த மெஷின்களில் பிள்ளைகள் டாப் விசையை அழுத்தித்தான் ஒவ்வொரு இடமாகப் போவார்கள். வளையம் இல்லாததால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. வளையத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம், நீலத்துக்குப் பதிலாக மஞ்சளில்.

தகரப்பெட்டிப் பக்கத்தில் சரி போடும் சதுரங்கள் வைத்தோம். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பாடசாலைப் பை, அப்பாயியின் மருந்து, தாத்தாவின் படம், கோழிக்கூட்டின் சாவி. எத்தனையும் எடுக்கலாம். ஆனால் ஐந்துக்கு மேல் எடுத்தால் அப்பாயிக்கு நடக்க முடியாது. சதுரம் சின்னது, போனில் விரல் படாது. அதனால் சதுரத்தையும் அதன் பெயரையும் ஒரே லேபலுக்குள் போட்டோம். இனி எழுத்தைத் தொட்டாலும் சரி விழும். விரலுக்கு 44 பிக்சல் இடம் நல்லது என்று வலை அணுகல் வழிகாட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தோம். சதுரத்தின் நிறத்தை மாற்ற "எக்சென்ட் கலர்" என்ற ஒரு வரி போதும். அது 2021இல்தான் பிரவுசர்களுக்கு வந்தது. பழைய போனில் நிறம் மாறாது, ஆனால் சதுரம் வேலை செய்யும். அது எங்களுக்குப் போதும்.

தகரப்பெட்டியின் அடியில் ஒரு பழைய கடதாசி இருக்கும். அதை எடுத்தால் கதை 1964க்குப் போகும்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த சட்டப்படி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் இத்தனை வருடம் இங்கே இருந்தோம் என்பதைக் கடதாசியில் காட்ட வேண்டும். மலையைத் திறந்து தேயிலை நட்டவர்களிடம் கடதாசி எங்கே இருக்கும்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த 150,000ஐ 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.

விளையாட்டில் அப்பாயியின் அப்பா அந்த விண்ணப்பத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இந்தியாவா, இலங்கையா? இதற்கு ரேடியோ பட்டன் வைத்தோம். ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பழைய கார் ரேடியோவில் வரிசையாகப் பட்டன் இருக்கும். ஒன்றை அமுக்கினால் முதல் அமுங்கியிருந்தது டக்கென்று வெளியே வரும். இரண்டு ஒன்றாக அமுங்கி நிற்காது. அந்தப் பழக்கத்தில் வந்த பெயர்.

அப்போது ஒரு மகள் கேட்டாள்: "சேர், பக்கம் திறக்கிற நேரமே இந்தியாவுல புள்ளி விழுந்து கிடக்கே. யாரு போட்டது?"

நான்தான். முதலாவதைத் தானாகத் தெரிவு செய்துவை என்று எழுதியிருந்தேன். வெறுமையாக விட்டால் யாராவது தெரிவு செய்யாமலே போய்விடுவார்கள் என்ற பயம். வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. முதலே புள்ளி இருந்தால் அவசரக்காரன் அப்படியே விட்டுவிட்டுப் போவான், அந்த மனுசனுடைய முடிவை நாங்கள் எடுத்த மாதிரி ஆகும் என்றார்கள். சரி என்று இரண்டையும் வெறுமையாக விட்டோம். ஒன்றைத் தொடும் வரை கீழே இருக்கும் பட்டன் மங்கலாக இருக்கும். இப்போது அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நின்று யோசிக்கிறார்கள். சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வந்து தொடுகிறார்கள். ஒரு பிள்ளை இந்தியாவுக்குப் போன தன் அம்மாயியின் தங்கச்சியைப் பற்றி முதல் தடவையாக வகுப்பில் பேசியது அன்றைக்குத்தான்.

இவ்வளவு கவனமாகச் செய்தோம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் "யோகேஸ்வர" கண்ணில் பட்டது.

இரவு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர்ப்பெட்டிக்கு 8 என்று எல்லை போட்டிருக்கிறேன். வலையில் எடுத்த ஒரு துண்டு நிரலோடு வந்தது. எட்டு எழுத்து தாராளம் என்று விட்டுவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். என் பெயரை எழுதிப் பார்த்தேன், முஹம்மத். ஐந்து எழுத்து. அழகாக உள்ளே போனது.

யோகேஸ்வரியும் ஐந்து எழுத்துத்தான். யோ, கே, ஸ், வ, ரி. பிறகு ஏன் போகவில்லை?

பிரவுசர் நாம் எண்ணுவது போல எழுத்தை எண்ணுவதில்லை. யுனிகோடில் "ரி" என்பது ஒன்றல்ல, ரகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. "ஸ்" என்பதும் இரண்டு, எழுத்தும் புள்ளியும். அப்படி எண்ணினால் யோகேஸ்வரி ஒன்பது. முஹம்மத் எட்டு. என் பெயர் எல்லைக் கோட்டில் நின்று தப்பியிருக்கிறது. அவளுடைய பெயரில் கடைசிக் குறி வெளியே நின்றுவிட்டது. பெண் பிள்ளையின் பெயர் பெண் பெயராக இருப்பதே அந்தக் குறியால்தான்.

மென்பொருளில் பிழை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. எல்லை போட்டது நான். என் பெயரை மட்டும் வைத்துச் சோதித்தது நான்.

மற்ற நாள் இன்டர்வெல்லில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "பெயர் வெட்டுப்பட்டா சொல்ல வேணாமா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. அவளும் கோபப்படவில்லை.

"எனக்கு அது பழகிருச்சி சேர். பர்த் சேட்டிபிகட்ல ஒரு மாதிரி இருக்கு, இடாப்புல ஒரு மாதிரி இருக்கு. கிளினிக் கார்ட்ல இன்னொரு மாதிரி. எந்த இடத்துல எப்படிக் கூப்பிடுறாங்களோ அதுக்கு நான் எந்திரிப்பேன்."

தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பிள்ளை பிறந்ததும் வாயால் சொன்ன பெயரை வேறு மொழிக்காரர் காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார். அப்பாவின் பெயர் பிள்ளையின் பெயராகவும் பிள்ளையின் பெயர் ஊர்ப் பெயராகவும் மாறியிருக்கும். எனக்கும் இந்த அனுபவம் உண்டு. என் பெயரின் முதல் பாதி என் சான்றிதழ்களில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நின்று விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, சொல்லித்தர வாப்பா இருந்தார். இந்தப் பிள்ளை பதினைந்து வயதில் கேட்காமல் இருக்கப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நானும் ஒரு நாள் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு விளையாட்டுக்குள்.

ஒபிஸ் போம் மாதிரி இருக்கிறது என்று அந்த மகன் சொன்னபோது நான் எழுத்துருவையும் நிறத்தையும்தான் மாற்றினேன். வெள்ளைப் பெட்டியைக் கரும்பச்சையாக்கினேன். உள்ளே வைத்திருந்த அளவுகோல் ஒபிஸுடையது போலவே இருந்தது.

அன்றைக்கே எல்லையை எடுத்துவிட்டேன். பெட்டியை முழு அகலத்துக்கு விட்டோம். நீளமான பெயர் வந்தால் கதை வரியும் உடைந்து அடுத்த வரிக்குப் போகட்டும் என்று வைத்தோம். பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் லயத்தில் இருக்கிற ஆக நீளமான பெயரைக் கொண்டுவாருங்கள். நாற்பதுக்கு மேல் பெயர் வந்தது. சிங்களப் பெயர், முஸ்லிம் பெயர், தமிழ்ப் பெயர், முன்னெழுத்து ஐந்தோடு வந்த பெயர், கிரந்த எழுத்து இரண்டு மூன்று வைத்த பெயர். ஒரு பிள்ளை செத்துப்போன பூட்டியின் பெயரைக் கொண்டுவந்தது. அத்தனையையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். பெட்டி எல்லாவற்றையும் வாங்கியது.

கடைசியாக அவளை எழுதச் சொன்னேன். எழுதினாள். முழுப் பெயரும் வந்தது. அடுத்த பக்கத்தில் அப்பாயி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் மாற்றாமல் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சேர், அப்ப பர்த் சேட்டிபிகட்லயும் மாத்தலாமா?" என்று கேட்டாள்.

மாற்றலாம் மகள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுக்கலாம். கொஞ்சம் அலைய வேண்டும். அடையாள அட்டைக்கும் ஓ.எல். பரீட்சைக்கும் விண்ணப்பிக்க முதல் செய்துகொண்டால் நல்லது. பரீட்சைச் சான்றிதழில் விழுந்துவிட்டால் அலைச்சல் இரட்டிப்பு. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போவதால் ஒரு நாள் பேர் போகும். அதற்கு என்ன செய்யலாம் என்று அதிபரோடு பேசியிருக்கிறேன். வகுப்பில் இன்னும் ஏழு பிள்ளைகளுக்கு இதே பிரச்சினை இருப்பது இப்போதுதான் தெரிய வந்தது. எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிப் போவதாக எண்ணம், இன்ஷா அல்லாஹ்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் எல்லோரும் இப்போது வட்ஸ்அப் குறூப்பில் கூகுள் போம் அனுப்புகிறோம், இடாப்பைக் கணினியில் ஏற்றுகிறோம், எக்செல்லில் புள்ளி போடுகிறோம். அதை அனுப்ப முதல் உங்கள் வகுப்பில் ஆக நீளமான பெயரை ஒரு தடவை அதில் எழுதிப் பாருங்கள். உங்கள் சொந்தப் பெயரை வைத்துச் சோதிக்காதீர்கள். அது போகும். எனக்கும் போனது.

விளையாட்டு வேண்டும் என்பவர்கள் இன்பொக்ஸ் பண்ணுங்கள், ஃபைலை அனுப்புகிறேன். சின்ன ஃபைல்தான், டேட்டா ஓடாது. எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகளிடம் சொல்கிறேன், திருத்துவார்கள். முதல் பக்கத்தில் உங்கள் முழுப் பெயரை எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.